குரக்கன் மலையில் கடைசி ரவுண்டு

பனி மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாம் நம்பர் மலையில் நான்கு பெண்கள் நின்றார்கள். இடுப்புக்கு மேலேதான் தெரிந்தார்கள். கீழே எல்லாம் குரக்கன், அதாவது கேழ்வரகு. பழுத்த கதிர்களின் செம்பழுப்பு பனிக்குள் கரைந்து, எது கதிர், எது பனி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மலை இன்னும் தூக்கம் கலையாமல் படுத்திருந்தது.

நான் கான் என்கிற வடிகால் ஓரத்தில், மடித்த சாக்குகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். என் வேலை அவ்வளவுதான். கதிர் பறிக்க என்னை விடமாட்டார்கள். "நீங்க பறிச்சா பாதி மண்ணுக்குத்தான் போகும்" என்று என் மனைவி ராணி முதல் வருடமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கீழே ரோட்டில் ஒரு ட்ராக்டர் நின்றது. இந்த மலையை உழ வந்த ட்ராக்டர். சாரதி ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பின்னால் ஒரு ஜீப். ஜீப்பிலிருந்து தொரை இறங்கினார். தொரை என்றதும் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தோட்டத்து மேனேஜர்தான், சிங்களப் பிள்ளை, என் மூத்த மகளின் வயது இருக்கும். தோட்டத்தில் வந்து கற்றுக்கொண்ட தமிழை அழகாகவே பேசுவார்.

அவர் மெதுவாக ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ராணி நின்ற நிரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்ன ராணி, அறுப்பு முடிஞ்சுதா?"

முடிந்தது என்று சொன்னால் ட்ராக்டர் மேலே ஏறும். மலை கம்பனிக்குப் போகும். அப்படித்தான் பேச்சு. எங்கள் நான்கு குடும்பங்களுக்கும் இருந்த ஒரே நிலம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ராணி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கை மட்டும் நிற்காமல் கதிர் ஒடித்துக்கொண்டே இருந்தது.

அவள் என்ன பதில் சொன்னாள் என்பதைச் சொல்வதற்கு முன்னால் நான் கொஞ்சம் மில்லுக்குப் போய்விட்டு வர வேண்டும். எதைச் சொல்வதானாலும் எனக்கு மில் வழியாகத்தான் போய் வரவேண்டியிருக்கிறது.

மாவின் வாசம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. உடப்புசல்லாவைப் பக்கம், தோட்டத்துக்குக் கீழே இருக்கிற சின்னக் கடைவீதியில் நான் மாவரைக்கும் மில் வைத்திருக்கிறேன். ஒரே மிஷின், அதைச் சுழற்றும் ஒரே பட்டி, ஒரே ஆள். அந்த ஆள் நான்தான்.

சென்ற வாரம் மிளகாய் அரைக்கும் நாளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கூப்பிட்டு, படிக்கும்போதே தும்மல் வந்தது என்றார். இந்த வாரம் தும்மல் வராது. இந்த வாரம் குரக்கன்.

குரக்கன் அரைபடும்போது வரும் வாசம் தனி. அரிசி மாவுக்குச் சுத்தமான, கொஞ்சம் வெறுமையான வாசம். மல்லி ஊரையே கூப்பிடும். குரக்கன் அப்படியில்லை. முதலில் மழை நனைத்த மண், பிறகு சுட்ட ரொட்டி, கடைசியில் என்னவென்று சொல்ல முடியாத ஓர் இனிப்பு. பட்டி ஓடுகிற சத்தத்தில், மிஷின் சூட்டோடு, அந்த வாசத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கண் செருகிவிடும். மில்லுக்காரர் தூங்கி வழிகிறார் என்று கடைவீதியில் ஒரு பெயர் உண்டு. மறுப்பதற்கில்லை.

முன்பெல்லாம் குரக்கனை மில்லுக்குக் கொண்டு வருகிறவர்கள் கீழே கிராமத்துச் சிங்களச் சனங்கள்தான். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் எங்கள் ஆட்கள் கோதுமை மாவு வாங்கி ரொட்டி சுடுகிறவர்கள். தலைமுறை தலைமுறையாக மலையில் வேலை செய்தும், ஒரு தானியத்தை நாங்கள் விதைத்து, நாங்கள் அறுத்து, நாங்கள் அரைத்துத் தின்றதில்லை. பறித்ததெல்லாம் தேயிலைக் கொழுந்து. அது கப்பலேறிப் போய்விடும். எங்களுக்குத் தூள்தான் மிஞ்சும்.

கிராமத்திலிருந்து வருகிறவர்களில் சுது மெனிக்கே என்று ஒருத்தி. ராணியின் வயதுக்காரி. பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேசுவாள். மில் வாசலில் ராணியும் அவளும் உட்கார்ந்தால், மிஷின் சத்தத்தை மீறிச் சிரிப்புச் சத்தம் கேட்கும். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

மானாப்புல் மலை

நாட்டில் கோதுமை மா கிடைக்காமல் போன காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கேஸ் இல்லை, எண்ணெய் இல்லை, உரம் இல்லை. கடையில் மா வந்தது என்று யாராவது சொன்னால், அது உண்மையா என்று கேட்காமலே ஓடிய காலம். என் மில் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அரைக்க ஒன்றும் இல்லை. அந்த அமைதியில் என்னால் பகலில்கூடத் தூங்க முடியவில்லை.

அப்போது பன்னிரண்டாம் நம்பர் மலையில் தேயிலை இல்லை. கைவிட்டு வருடங்கள் ஆகியிருந்தன. பழைய தூர்கள் காடாகி, ஆளுயரத்துக்கு மானாப்புல் ஏறி, உள்ளே பன்றி குடியிருந்தது. எதையாவது நட்டுச் சாப்பிடுங்கள் என்று அன்றைக்குத் தோட்ட நிர்வாகமே வாய்ச்சொல்லாகச் சொன்னது. ராணியும், அவளோடு ஒரே மலையில் காலமெல்லாம் கொழுந்து பறித்த மூன்று பெண்களும் கத்தியை எடுத்துக்கொண்டு மேலே போனார்கள். புல்லை வெட்டி, தூரைத் தோண்டி, அந்தத் தூரையே அடுப்புக்குக் கொண்டு வந்தார்கள். ஆண்களாகிய நாங்கள் ஆலோசனை சொன்னோம்.

விதை சுது மெனிக்கே கொடுத்தது. ஒரு பழைய பால்மா டின் நிறைய. கடுகு போல ஓடுகிற அந்தச் சிவப்பு மணிகளை ராணி உள்ளங்கையில் கொட்டி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினியூண்டு இருக்கு. இதுவாங்க நாலு வீட்டுக்குச் சோறு போடப் போவுது?"

"தேயிலை விதையும் சின்னதுதானே" என்றேன்.

"தேயிலை விதை கொட்டைப்பாக்கு மாதிரி இருக்கும். அது தெரியாம இத்தன காலம் தோட்டத்துல இருந்திருக்கீங்க" என்றாள்.

கொழுந்துக் கை

மழை பெய்தது. முளைத்தது. பார்க்கப் புல் மாதிரியே இருந்ததால், எங்கள் ஆட்களில் ஒருவர் களை என்று நினைத்து ஒரு நிரையைப் பிடுங்கிப் போட்ட கதை தனி. தப்பித்த மிச்சம் வளர்ந்து, கதிர் விட்டு, விரல்களை மடக்கிய கை மாதிரி கதிர்கள் தலை நீட்டின. குரக்கன் எல்லாக் கதிரையும் ஒன்றாகப் பழுக்க வைக்காது. ஒரே தூரில் நடுக்கதிர் பழுப்பேறி முற்றியிருக்கும். பக்கத்தில் ஒன்று பச்சையாகப் பால் பிடித்துக்கொண்டிருக்கும். கீழே இன்னொன்று அப்போதுதான் எட்டிப் பார்க்கும்.

பழுத்துவிட்டது, பறிக்கலாம் என்று சுது மெனிக்கே சொல்லி அனுப்பினாள். நான்கு பேரும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, முதுகில் பை தொங்கவிட்டு, ஆளுக்கொரு நிரை பிடித்து இறங்கினார்கள். நான் கான் ஓரத்தில் நின்று பார்த்தேன். அந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கையும் கதிர் மேல் பறந்து, விரலால் ஒடித்து, தோளுக்கு மேலே வீசிப் பைக்குள் போடுகிற அழகு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் மில் வாசலில் பைகளைக் கொட்டினார்கள்.

கொட்டியதெல்லாம் பச்சை. இளம் பச்சை. அழுத்தினால் பால் வருகிற கதிர்கள். பழுத்த கதிர் ஒன்றுகூட இல்லை. அவையெல்லாம் மலையிலேயே பத்திரமாக நின்றன.

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து வயதிலிருந்து காதில் ஏறியது ஒரே சத்தம்தானே. தளிரை எடு, முற்றியதை விடு. முற்றல் வந்தால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறையைக் கழிப்பார்கள். கண் பழுத்ததைப் பார்த்தாலும், கை அதைத் தாண்டிப்போய்ப் பச்சையை எடுத்திருக்கிறது. வேறு எந்த ஊர் விவசாயியும் செய்ய முடியாத பிழை அது.

அந்த நேரம் பார்த்து சுது மெனிக்கே வந்தாள். குவியலைப் பார்த்தாள். ராணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மில் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"குரக்கன் தே நெமெய், ராணி" என்றாள். குரக்கன் தேயிலை இல்லையடி என்று அர்த்தம்.

ராணிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவளும் சிரித்துவிட்டாள். பிறகு சுது மெனிக்கேதான் வழி சொன்னாள். பச்சைக் கதிரைத் தணலில் வாட்டி, உள்ளங்கையில் கசக்கி, ஊதித் தின்னலாமாம். மில்லுக்குப் பின்னால் தணல் போட்டோம். சூடான பச்சை மணி, பாலும் புகையுமாக, சர்க்கரை போடாமலே இனித்தது. அந்த வருடத்தில் வயிறு நிறையத் தின்ற நாள் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பழுத்த கதிர்கள்தான் அப்படியே மலையில் நின்றனவே, அவற்றை மறுநாள் போய் எடுத்து வந்தார்கள்.

அதற்குப் பிறகும் ராணியின் கை அடங்க வெகுநாள் பிடித்தது. பறிக்கும்போது இடது கை பச்சைக்குப் போனால் வலது கையால் அதை ஓர் அடி அடிப்பாள். தூரத்திலிருந்து பார்த்தால் கை தட்டிக்கொண்டே வேலை செய்கிற மாதிரி இருக்கும்.

பெயர் கூப்பிடாத மலை

நெருக்கடி கொஞ்சம் தணிந்து, கடையில் மா கிடைக்கத் தொடங்கிய பிறகு, இனி எதற்கு இந்தப் பாடு என்று நான் ஒருநாள் கேட்டேன். முற்றத்தில் கதிர்க் குவியல் புழுங்கிக்கொண்டிருந்தது. கதிரைக் குவித்து மூடி நாலு நாள் வைத்தால் உள்ளுக்குள் சூடேறி, மணி எளிதாக உதிரும். புளித்த பழம் மாதிரி ஒரு வாசம் வரும். ராணி குவியலுக்குள் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பெரட்டுக்கு நீங்க போயிருக்கீங்களா?"

பெரட்டு என்பது காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு இந்த மலை என்று பிரித்து அனுப்புகிற இடம். நான் சின்ன வயதிலேயே கடைவீதிக்கு ஓடி வந்தவன். இல்லை என்றேன்.

"நான் நாப்பது வருஷமா போறேன். அவங்க கூப்பிட்டாத்தான் மலை. பன்னண்டாம் நம்பருக்கு மட்டும் யாரும் என்னக் கூப்பிடல. நானா எந்திரிச்சு, நானா போறேன். மழைன்னா நானே வேணாங்கிறேன். நாம குடியிருக்கிற லயக் காம்பராகூட நம்மளுது இல்ல. அந்த மலையும் நம்மளுது இல்லைதான். ஆனா போற கால் என்னுதுங்க."

நானும் குவியலுக்குள் கையை விட்டேன். உள்ளே நல்ல சூடு. குழந்தையின் வயிற்றைத் தொட்ட மாதிரி இருந்தது.

கம்பனிச் சோளம்

கம்பனியின் திட்டம் இந்த வருடத் தொடக்கத்தில் வந்தது. கொழுந்து மடுவத்தில் கூட்டம் போட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரியவர் சுவரில் படம் காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் சோளம். ஒரே உயரம், ஒரே பச்சை. நடுவில் வீடு போல ஒரு மிஷின். அது ஒரே நாளில் ஒரு மலையை அறுத்து முடித்துவிடுமாம்.

ஆங்காங்கே குடும்பங்கள் வைத்திருக்கிற துண்டு நிலங்களையெல்லாம் ஒன்றாக்குவார்கள். விதை கம்பனி தரும். உரம், மருந்து, பன்றி வராமல் மின்கம்பி வேலி, எல்லாம் கம்பனி. விளைந்த சோளமும் கம்பனிக்கு. கோழித் தீனிக்குப் போகும். விருப்பமுள்ளவர்கள் அந்த மலைகளில் வேலைக்கு வரலாம். காலையில் பெரட்டில் பெயர் கொடுத்தால் போதும்.

அவரைக் கெட்டவர் என்று நான் எழுதினால் அது பொய். நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவலிங்கம் சம்மதம் என்று முதல் ஆளாகக் கை தூக்கினான். அவனும் பத்தாம் நம்பரில் கொஞ்சம் குரக்கன் போட்டிருந்தவன்தான். தூக்கிய கையை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, போன வருஷம் ஒரே ராத்திரியில பன்னி முழுசையும் மேஞ்சிட்டுப் போயிருச்சு. நானும் எம் பொண்டாட்டியும் மாறி மாறிக் காவல் கிடந்தோம். அவங்க வேலி போடுறாங்க. சம்பளம் மாசம் பொறந்தா வருது. எனக்கு ரெண்டு புள்ளைங்க மாமா. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் நான் போறேன்" என்றான்.

நான் எதற்குக் கோபிக்க. அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. குடும்பமாகச் செய்கிற சின்ன விவசாயம் என்று பத்திரிகையில் எழுதினால் கேட்க இனிமையாக இருக்கும். பன்றிக்கு அந்த இனிமை தெரியாது. கொழும்பில் துணிக்கடையில் நிற்கிற எங்கள் மகளும் போனில் அதைத்தான் சொன்னாள். அம்மாவுக்கு முட்டி வலிக்கிறது, இன்னும் எத்தனை காலம் மலை ஏறுவாள் என்று கேட்டாள்.

படம் ஓடிக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல எனக்குக் கண் செருகிவிட்டது. ஒரு கனவு வந்தது. என் மில் வாசலில் நீளமாக வரிசை நிற்கிறது. ஆட்கள் இல்லை, மலைகள். பத்தாம் நம்பர், பதினொன்று, பன்னிரண்டு, அவரவர் பையைப் பிடித்துக்கொண்டு, அவரவர் முறைக்காகப் பேசாமல் நிற்கிறார்கள். நான் பட்டியைப் போட்டுவிட்டு, அடுத்தது யார் என்று கேட்கிறேன். பெரிய லாரி ஒன்று வந்து எல்லா மலையையும் ஏற்றிக்கொண்டு போகிறது. மில் சும்மா ஓடுகிறது. வாசமே இல்லை.

விழித்தபோது ராணி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

"தொர, பன்னண்டாம் நம்பர்ல பயிரு நிக்கிதுங்களே. அதுக்கு என்ன வழி?"

தொரை முன்னால் வந்து சொன்னார். "நிக்கிற பயிரை யாரும் தொட மாட்டாங்க ராணி. நீங்க அறுத்து முடிங்க. முடிஞ்ச பொறகு மலையை விட்டாப் போதும்."

"அறுப்பு முடியிற வரைக்கும் மலை எங்க கையிலதானே?"

"ஆமா. நான் சொல்றேனே."

ராணி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கதானே?"

கேட்டுக்கொண்டோம் என்று எல்லோரும் சொன்னார்கள். தூங்கி எழுந்த நானும் சொன்னேன்.

முடியாத வேலை

வீட்டுக்கு வரும் வழியில் நான் மனம் உடைந்து போயிருந்தேன். இன்னும் இரண்டு வாரத்தில் கதிர் பழுத்துவிடும், அறுத்து எடுத்தால் எல்லாம் போச்சு என்றேன். ராணி முன்னால் நடந்தாள். லயத்து வாசலில் வந்துதான் நின்றாள்.

"ஏங்க, தேயிலைய யாராச்சும் பறிச்சு முடிச்சிருக்காங்களா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. மில்லுக்காரன் மூளை. கொட்டினால் அரைத்து முடிப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

தேயிலையில் அறுப்பு என்று ஒரு நாள் கிடையாது. ரவுண்டுதான். ஒரு மலையைப் பறித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அதை முடித்துவிட்டுத் திரும்பி வரும்போது முதல் மலையில் தளிர் வந்திருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய ரவுண்டு இன்னும் முடியவில்லை. அந்த வேலையையே உடம்பில் ஊற வைத்தவர்களிடம் போய், அறுத்து முடியுங்கள் என்று தொரை சொல்லியிருக்கிறார்.

கிராமத்தில் கத்தி பிடித்து இரண்டு மூன்று தடவையில் எடுத்துவிடுவார்கள். ராணியும் மற்ற மூவரும் அப்படிச் செய்யவில்லை. மலையை மேல், நடு, கீழ் என்று பிரித்துக்கொண்டார்கள். இன்றைக்கு மேலே பழுத்த கதிர் மட்டும். நாலைந்து நாள் கழித்து நடுவில். பிறகு கீழே. அதற்குள் மேலே பால் கதிர் பழுத்திருக்கும். காலையில் பெரட்டுக்கு முன்னும், தோட்டத்து வேலை முடிந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமையிலும் நடந்த இந்த ரவுண்டை ரோட்டிலிருந்து யார் பார்த்தாலும், மலையில் எப்போதும் கதிர் நின்றது, எப்போதும் பறிப்பும் நடந்தது.

இன்னொன்றும் நடந்தது. அது ரோட்டிலிருந்து தெரியாது. லயத்துக்குப் பின்னால் ராணி நாற்றுப் பாத்தி போட்டிருந்தாள். மேல் நிரைகளில் தூர் ஓய்ந்ததும் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் புது நாற்றை ஊன்றினார்கள். சித்திரை மழையின் முதல் தூறலில் அவை வேர் பிடித்துக்கொண்டன. கீழே கடைசிக் கதிர் பழுக்கும்போது மேலே புதுப் பயிர் இடுப்புக்கு வந்திருக்கும். சுது மெனிக்கே வந்து பார்த்து, இப்படிக் குரக்கன் போடுகிறவர்களை எங்கள் ஊரில் யாரும் கண்டதில்லை என்று தலையை ஆட்டினாள். சிரிக்கவில்லை. ஒரு பிடி நாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

இது எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. தொரை மாறலாம். கம்பனி வேறு ஆளை அனுப்பலாம். ராணியின் முட்டியும் ஒரு நாள் போதும் என்று சொல்லலாம். பட்டி ஓடும் சத்தத்தில் இதையெல்லாம் நினைப்பேன். பிறகு மாவு வாசம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

அந்தக் காலையில்

ஆக, அந்தக் காலையில் தொரை கேட்டார், அறுப்பு முடிந்ததா என்று. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"நடக்குதுங்க தொர" என்றாள் ராணி.

"போன மாசமும் நடக்குதுன்னுதானே சொன்னீங்க. ட்ராக்டர் வந்து நிக்கிது. கொழும்புலேருந்து ஒவ்வொரு நாளும் கேக்கிறாங்க. நான் என்ன சொல்ல?"

"பழுத்தது எடுக்கிறோம். பழுக்காதத விட்டுட்டு வர்றோம். நீங்களே பாருங்க."

அவர் குனிந்தார். பார்க்கத்தான் குனிந்தார் என்று நினைக்கிறேன். அவர் கை தானாக நீண்டு, ஒரு தூரில் இருந்த கதிர்களைத் தடவியது. பழுத்த நடுக்கதிரைத் தாண்டிப் போனது. பக்கத்திலிருந்த இளம் பச்சைக் கதிரைச் சரியாக இரண்டு விரலால் ஒடித்தது. காலையும் மாலையும் மடுவத்தில் கொழுந்தை அள்ளிப் பார்த்து, தளிரா முற்றலா என்று சோதிக்கிற கை அல்லவா.

உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். மணி வரவில்லை. கட்டை விரலில் பால் ஒட்டியது.

ராணி சிரித்துவிட்டாள். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். பனிக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு வந்தபோது, ரோட்டில் தூங்கிய ட்ராக்டர்காரன்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"தொரைக்கும் நம்ம கொழுந்துக் கைதான்" என்றாள் ராணி.

தொரையின் முகம் சிவந்தது. பிறகு அவரும் லேசாகச் சிரித்தார். விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இது எப்ப சரியா வரும்?"

"இன்னும் மூணு ரவுண்டு போகணுங்க."

"அப்ப முடியல."

"முடியலைங்க."

அவர் போனை எடுத்து, சிங்களத்தில் யாரிடமோ பேசினார். எனக்குத் தெரிந்த சிங்களத்துக்கு அது விளங்கியது. அறுப்பு இன்னும் முடியவில்லை, பயிர் பச்சையாக நிற்கிறது, நானே பார்த்தேன் என்றார். கீழே பார்த்துக் கையை அசைத்தார். ட்ராக்டர் புகை விட்டு, திரும்பி, வளைவில் பனிக்குள் போனது. அதன் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மலையடியில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அக்குளில் இருந்த சாக்கு நழுவி விழுந்ததே தெரியவில்லை.

நாங்கள் எல்லோரும் அவர் வந்த வழியே இறங்கிப் போவார் என்றுதான் நினைத்தோம். அவர் இறங்கவில்லை. சிவலிங்கம் ஆட்கள் வேலி போடுகிற பத்தாம் நம்பரைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, மேலே ஏறத் தொடங்கினார். மேல் பாதை புது நாற்று ஊன்றிய நிரைகளின் நடுவே போகிறது.

அவ்வளவு நேரமும் நிற்காத ராணியின் கை அப்போது நின்றது.

பனியில் அவர் முதுகு தெரிந்தது. மேல் நிரையில் போய் நின்றார். குனிந்து பார்த்தார். சாண் உயரம்கூட இல்லாத பச்சை, நிரை நிரையாக, மலை விளிம்பு வரைக்கும். அது என்னவென்று தெரியாமல் இருக்க அவர் ஒன்றும் குழந்தையில்லை. இந்தப் பயிர் எப்போதும் முடியப் போவதில்லை என்பது அந்த இடத்தில் நின்றால் யாருக்கும் விளங்கும். திரும்பி எங்களைப் பார்ப்பார், கூப்பிடுவார் என்று நான் காத்திருந்தேன். போன் அவர் கையில்தான் இருந்தது.

போனைச் சட்டைப் பையில் போட்டார். காற்சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் பனிக்குள் மறைந்தார்.

ராணி நிரையை விட்டு மேலே ஏறிப் போனாள். நானும் பின்னால் போனேன். ஈர மண்ணில் அவருடைய சப்பாத்துத் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு தடமும் இரண்டு நிரைக்கு நடுவில். ஓர் இடத்தில் நாற்று கொஞ்சம் தள்ளி ஊன்றியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் தடம் பெரிய எட்டாக விழுந்திருந்தது.

ராணி அந்த நாற்றின் முன்னால் குந்தினாள். மண்ணை அணைத்துவிட்டாள்.

"பாத்துட்டாருங்க" என்றாள்.

"ஆமா."

"தாண்டிப் போயிருக்காரு."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கீழே அவளுக்காக நிரை பாதியில் நின்றது. இறங்கிப் போய், விட்ட இடத்திலிருந்து பறிக்கத் தொடங்கினாள்.